சிலோன்காரம்மா இடியாப்பக் கடை

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இறங்கும் படிக்கட்டில், பாதி வழியில் எங்கள் கடை இருந்தது. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மேலே தகரம், உள்ளே இரண்டு விறகடுப்பு, வெளியே நான்கு பெஞ்சு. பலகை எதுவும் கிடையாது. ஊர் அதற்குச் சிலோன்காரம்மா கடை என்று பெயர் வைத்துவிட்டது. விடிவதற்குள் ஆட்கள் வந்து நிற்பார்கள். முதல் வண்டி எடுக்கும் டிரைவர்கள், காரட் மூட்டை இறக்குகிறவர்கள், தேயிலை ஏல ஆபீஸ் குமாஸ்தாக்கள், கான்வென்ட் டீச்சர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒன்பதரைக்கு மாவு தீர்ந்துவிடும்.

அந்த ருசியை நினைத்து உருகுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். என் மகன் கல்யாணத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படி ஒரு இடியாப்பம் இனி வராதுங்க என்றார். சிரித்து வைத்தேன். எனக்கு ஞாபகம் வருவது ருசி அல்ல, தோள்வலி. மலைக் குளிரில் இடியாப்ப மாவு நிமிடத்தில் இறுகிப்போகும். ஈரத்துணி போட்டு அடுப்போரம் வைத்திருந்தாலும் அடியில் உள்ள மாவு கல்லாகிவிடும். அதை இடியாப்ப உரலில் போட்டு அழுத்த வேண்டும். அம்மா பிழிவாள், நான் தேங்காய் துருவுவேன். அம்மாவின் கை ஓய்ந்தால் நான் பிழிவேன். பதினாறு வயதிலிருந்து இதே வேலை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்?

நாங்கள் கப்பலில் வந்தவர்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம். இரண்டு வருஷத்தில் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து மலை ஏற முடியாமல் போனது. அதனால் குன்னூருக்கு வந்து அம்மாவுக்குத் தெரிந்த ஒரே கைவேலையைக் கடையாகப் போட்டோம். இந்த ஊர்க்காரர்கள் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கேட்பார்கள், இல்லையென்றால் "ஏனுங்க, குருமா இல்லீங்களா?" என்பார்கள். எங்களிடம் இருந்தது சொதியும் சம்பலும்தான். மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் குழம்பு, அம்மியில் அரைத்த தேங்காய். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு அதற்காகவே வந்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டை நீட்டும்போதே ஆளை எடை போட்டுவிடுவாள். சம்பலைத் தொட்டுத் தின்கிறவர் இங்கத்தியவர். சொதியை ஊற்றி, சம்பலை மேலே உதிர்த்து, கையால் பிசைந்து தின்கிறவர் அங்கிருந்து வந்தவர். அப்படி ஒருவர் பிசைய ஆரம்பித்தால் போதும், வரிசையில் பத்துப்பேர் நின்றாலும் அம்மா பிழிவதை நிறுத்திவிடுவாள்.

"எந்தத் தோட்டங்க?"

அவர் சொல்வார்.

"மேற்கணக்கா, கீழ்க்கணக்கா?"

தோட்டத்தின் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்பதைத்தான் அங்கே கணக்கு என்போம். அதையும் கேட்டுவிட்டு, கடைசியாக எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "அங்க எங்க மூத்த மக இருக்கா. பாத்தீங்களா?" என்பாள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வரிசையில் நிற்கிறவர்களிடம் நான் வசவு வாங்குவேன்.

அக்கா எப்படி அங்கே தங்கிப்போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் காட்சி எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது, அதுதான் என் பிரச்சினை.

அக்காவைப் பதினொரு வயதிலேயே கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, இந்தியாவுக்குப் போக விரும்புகிறவர்கள் மனுப் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. அதோடு ஒரு பேச்சும் லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகள் முழுதும் பரவியது. மனுவில் யார் யார் பெயர் ஏறுகிறதோ அவர்களுக்கு உடனே வேலை நின்றுவிடும், கொழும்பு வீடுகளில் இருக்கிற பிள்ளைகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. அது பொய்ப் பேச்சு. ஆனால் நம்பாதவர்கள் குறைவு. ரேஷன் கூப்பன் அரிசி பாதியாகிவிட்ட நேரம். நாங்கள் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தோம்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். எங்கள் லயத்தின் அறையில், பெட்டியின் மேல் தாளை வைத்து அவரே நிரப்பினார். தன் பெயர், அம்மா பெயர் எழுதினார். அடுத்து அக்கா பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பேனாவைத் தாளில் வைத்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாங்க. ஒருத்தியாவது அங்க சோறு தின்னட்டும். பெறகு சேத்துக்கலாம்."

அப்பா மறுத்தார். அது தப்பு, பேர் விட்டுப்போனால் ஆளே விட்டுப்போகும் என்றார். அம்மா கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு அவர் என் பெயரை எழுதினார்.

பாஸ்போர்ட் வர வருஷங்கள் ஆயின. குடும்பத்துக்கு ஒரே பாஸ்போர்ட், ஒரே படம். படத்தில் அப்பா, அம்மா, நான். அக்காவைச் சேர்க்க அப்பா ஏறாத ஆபீஸ் இல்லை. கடைசித் தேதி வந்துவிட்டது. சித்தப்பா அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தவர், அங்கேயே இருக்கப் போகிறவர். கொழும்பிலிருந்து திரும்பி வந்திருந்த அக்காவை அவரிடம் விட்டுவிட்டு வந்தோம். மனுவில் ஏதோ பிசகு, ஆறு மாசத்தில் சரிபண்ணிவிடலாம் என்று அவளிடம் சொன்னார்கள். அவளுக்கு அப்போது பதினெட்டு. ரயில் ஏறும்போது என் தலையில் ரிப்பன் கட்டிவிட்டாள். இறுக்கிக் கட்டிவிட்டாளென்று நான் அழுதேன்.

கடையில் வியாபாரம் முடிந்ததும் அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குக் கடிதம் எழுதுவார். மாசம் ஒன்று தவறாது. நான் எதிரில் உட்கார்ந்து மறுநாளுக்குத் தேங்காய் உரிப்பேன். அவர் எழுதும்போது உதடு அசையும். சில நேரம் சிரிப்பார், சில நேரம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். என்ன எழுதுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. நாளெல்லாம் பக்கத்தில் நின்று உழைக்கிற என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கடல் தாண்டி இருக்கிறவளுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று பொருமுவேன். எனக்குப் பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அப்பா ஒரு ஆடி மாச மழையில், இருமி இருமி, போய்ச் சேர்ந்தார். அவர் போனதை எழுதிப் போட்டேன். அதன்பின் இரண்டு கடிதம் எழுதியிருப்பேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். கை வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு அங்கே கலவரம் வந்தது, கப்பல் நின்றது, தபாலும் நின்றது. அம்மா காலையில் பிழிந்துகொண்டே பக்கத்துக் கடை ரேடியோவைக் கேட்பாள். தோட்டம் பேர் கேட்பது மட்டும் நிற்கவில்லை. முன்பு கேட்டதை ஒரு பழக்கம் என்று சொல்லலாம். இப்போது கெஞ்சினாள். பதில் சொல்லாமல் எழுந்து போனவர்கள் உண்டு.

ஒரு நாள், மூடுபனியில் எதிர்ப் படியே தெரியாத காலையில், அளவில்லாத ஸ்வெட்டர் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். தட்டை வாங்கிச் சொதியை ஊற்றிப் பிசைந்தார். அம்மா வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டுவிட்டார்.

"ஏங்க, நீங்க மேற்கணக்குத்தானே? ஒங்க மூத்த மக எங்க முகாம்லதான் இருக்கு. படகுல வந்துச்சு. குன்னூருக்குப் போறேன்னதும், படியோரமா எங்கம்மா இடியாப்பம் புழியும், பாத்துச் சொல்லுங்கன்னு சொல்லிவிட்டுச்சு."

அவர் மலைக்குக் கீழே ஒரு அகதி முகாமிலிருந்து, கோத்தகிரியில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க அனுமதி வாங்கி வந்தவர். அம்மா உரலைக் கீழே வைத்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். "சாப்புட்றாளா?" என்று கேட்டாள். அந்த மனிதர் போதும் போதும் என்னும்வரை தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் அக்காவை அழைத்து வரப் போனேன். கையில் அந்தப் பாஸ்போர்ட். நாங்கள் இந்தியர்கள், அவள் எங்கள் ரத்தம், காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினோம். முகாம் ஆபீசில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டினார்.

"இதுல மூணு பேர்தானேம்மா இருக்கீங்க. இந்தப் பொண்ணு ஒங்க அக்கான்னு எதை வெச்சு நான் எழுதறது?"

முகத்தைப் பாருங்கள் என்றேன். என் முகமும் அவள் முகமும் ஒன்றுதான். அவர் பார்த்தார். முகத்தை ஃபைலில் வைக்க முடியாதே என்றார். என் கையெழுத்தின் பேரில் மூன்று நாள் வெளியே போய்வர அனுமதி கொடுத்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். முப்பது வயதுக்குள் பாதித் தலை நரைத்திருந்தது. எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நரையைப் பார்த்து எங்கே போனதென்று தெரியவில்லை. முழுதும் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அம்மாவும் அவளும் சந்தித்ததை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. பஸ் ஸ்டாண்டே நின்று பார்த்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் காலை அவள் வேலை செய்கிறேன் என்றாள், அம்மா விடவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துத் தட்டுத் தட்டாக வைத்தாள். டிரைவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர், "அம்மிணி, இன்னைக்குத்தான் உங்கம்மா மூஞ்சியில சிரிப்பே பாக்கறனுங்க" என்றார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே அப்பாவின் கடிதங்கள். லயம் எரிந்தபோதும் படகில் வந்தபோதும் வயிற்றில் கட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

"சித்தப்பாதான் வாசிச்சுக் காட்டுவாரு. ஒருக்காதான் வாசிப்பாரு, மறுக்கா கேட்டா சலிச்சுக்குவாரு. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே."

என்னைப் பார்த்தாள். நான் எட்டாவது வரை படித்தவள். கொடு, வாசிக்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்துவிட்டேன். அவ்வளவு கடிதங்களை ஒன்றாகப் பார்த்ததும் பழைய பொருமல் வந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. அக்கா அடுப்போரம் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா பிழிந்துகொண்டிருந்தாள். முகாமில் என்ன சொன்னார்கள் என்பதை அன்று காலைதான் அக்காவுக்கு முழுதாகச் சொல்லியிருந்தேன். நெருப்பைப் பார்த்தபடி, அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"மனுவுல பிசகுன்னு சொன்னீங்களே. என் பேரே எழுதலையாமே. யாரு விட்டது?"

அம்மாவின் கை நின்றது. உரலிலிருந்து பாதி இழைகள் தொங்கின. பிறகு அழுத்திப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"ஒங்கப்பாதான். நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். அம்மா அவள் தலைக்குமேல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. என் அம்மா என்னைப் பார்த்துப் பயந்தாள். இத்தனை வருஷம் ஊர்பேர் தெரியாதவர்களிடமெல்லாம் மகளைக் கேட்டவள், மகள் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது பயந்து நின்றாள். அப்பா இறந்துபோனவர், அவருக்கு இனி வலிக்காது. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"ஆமாக்கா. அப்பாதான்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். பையை எடுத்தாள். பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கடிதமாக விறகுக்கு நடுவில் செருகினாள். அவசரமே இல்லை. வெளிநாட்டுத் தபாலின் நீலத்தாள் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அம்மா பார்த்துக்கொண்டே அடுத்த தட்டைப் பிழிந்தாள். நான் எழுந்து அக்காவின் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும். நான் துருவிக்கொண்டே இருந்தேன்.

"அம்மிணி, சீக்கிரமுங்க, வண்டி எடுக்கோணும்" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அந்த ஈடு வெந்துவிட்டது. அம்மா எடுத்துத் தட்டில் வைத்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவளை முகாமில் கொண்டுபோய் விட்டேன். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை அனுமதி வாங்கி வந்து போவாள். அம்மாவை அப்படித் தாங்குவாள், தலைவாரிவிடுவாள், காலில் எண்ணெய் தேய்ப்பாள். அப்பாவின் படத்துக்கு நாங்கள் படைக்கும் நாளில் மட்டும் வெளியே போய் நின்றுகொள்வாள். படைத்த சோற்றை அன்று அம்மாவும் தின்னமாட்டாள். சில வருஷம் கழித்து, திரும்பிப் போகிறவர்களுக்குக் கப்பல் விட்டபோது அக்கா போய்விட்டாள். இங்கே எனக்கு என்ன பேர் இருக்கு என்று கேட்டாள். படிக்கட்டை அகலப்படுத்தியபோது கடையையும் எடுத்துவிட்டார்கள்.

அம்மா இறந்த அன்று அக்காவுக்கு போன் செய்தேன். வர வழியில்லை. அழுதாள், அம்மா பாவம், அம்மா பாவம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினாறாம் நாள் முடிந்து மறுபடி கூப்பிட்டேன். அன்று சொல்லிவிட்டேன். மணிக்கட்டைப் பிடித்ததிலிருந்து, அடுப்போரம் நான் சொன்ன பொய்வரை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் சன்னமாகக் கேட்டாள்.

"தங்கச்சி, அப்பா எழுதுறப்ப நீதானே எதுத்தாப்புல குந்தியிருப்ப. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. என்னா எழுதுவாரு? ஒரு வரி சொல்லேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது தெரிந்தது. சிரித்தது தெரிந்தது. எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை.